டைமிங்கா, நாசிலா? பழைய டீசல் லாரி எஞ்சின்: கேள்வி-பதில்

ஆறு சிலிண்டர் ஹினோ லாரி. டீசல் பீய்ச்சும் பம்பைக் கழற்றி சர்வீஸ் செய்து பூட்டினோம். பம்பை எஞ்சினோடு இணைக்கும் கப்ளிங்கின் குறி நேராகத்தான் இருக்கிறது. ஆனாலும் வெள்ளைப் புகை, மேட்டில் இழுவை இல்லை. — பெகு வாசகர்

கப்ளிங் குறியை அப்படியே நம்ப வேண்டாம். நம் பர்மாவில் ஓடும் பழைய ஜப்பான் லாரிகளில் பம்ப் ஒரு எஞ்சினுடையது, டைமர் (வேகத்துக்கேற்ப பீய்ச்சும் நேரத்தை முந்தவைக்கும் பாகம்) இன்னொன்றுடையது என்று கலந்திருப்பது சகஜம். அப்படியானால் அந்தக் குறி உங்கள் எஞ்சினுக்குச் சொந்தமில்லை. டைமிங்கை, அதாவது டீசல் பீய்ச்சும் நேரத்தை, ஸ்பில் முறையில் (டீசல் ஒழுகல் நிற்கும் இடத்தைப் பார்த்து) அளந்து பாருங்கள்.

முதலில் ஒன்றாம் சிலிண்டரை கம்ப்ரஷன் டாப்புக்கு, அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தி உச்சியில் நிற்கும் நிலைக்கு, கொண்டுவாருங்கள். அதன் வால்வுகளைத் தள்ளும் இரண்டு ராக்கரும் தளர்ந்திருக்க வேண்டும், ஆறாம் சிலிண்டரின் ராக்கர்கள் ஒன்று ஏறி ஒன்று இறங்கும் நிலையில் இருக்க வேண்டும். ஒன்றாம் சிலிண்டர் ராக்கர்கள் இறுகியிருந்தால் நீங்கள் எக்ஸாஸ்ட் டாப்பில் (புகையை வெளியேற்றி முடிக்கும் உச்சியில்) இருக்கிறீர்கள், இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும்.

பிறகு ஒன்றாம் பைப்பைக் கழற்றி, டெலிவரி வால்வ் ஹோல்டரைத் திறந்து, ஸ்பிரிங்கையும் வால்வையும் எடுத்து சுத்தமான டீசலில் போட்டு வையுங்கள். வால்வ் சீட் உள்ளேயே இருக்கட்டும். ஹோல்டரைத் திரும்பப் பூட்டி, அன்னம் கழுத்தை வளைப்பது போல வளைத்த ஒரு துண்டு பைப்பை அதில் மாட்டுங்கள். ஸ்டாப் லீவர் ஓடும் நிலையில், ஆக்ஸிலரேட்டர் லீவர் முழுதாக இழுத்த நிலையில் இருக்கட்டும். எஞ்சினை ஓடும் திசைக்கு எதிராகக் கால் சுற்று பின்னால் தள்ளிவிட்டு, ஒருவர் ஹேண்ட் பம்பை அடிக்க, மற்றவர் ஸ்பேனரால் மெதுவாக முன்னோக்கிச் சுற்றுங்கள். ஒழுகும் டீசல் மெலிந்து, மூன்று நான்கு விநாடிக்கு ஒரு சொட்டு என்று ஆகும் இடத்தில் நிறுத்துங்கள். டெலிவரி தொடங்குவது அங்கேதான். ஃபிளைவீலிலோ புல்லியிலோ அந்த டிகிரியைப் படித்து, எஞ்சின் பிளேட்டில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

குறியைத் தாண்டிவிட்டால் அங்கேயே பின்னால் இழுத்துச் சரிசெய்யக் கூடாது. கியர் பல் இடைவெளி எதிர்ப்பக்கம் போய், ஒன்றிரண்டு டிகிரி பொய்க் கணக்கு வரும். மறுபடி கால் சுற்று பின்னால் போய், முன்னோக்கி வாருங்கள்.

திருத்தும்போது, ஃபிளாஞ்சில் பூட்டிய பம்ப் என்றால் அதன் கேம் சுற்றும் திசைக்கு எதிராக பம்ப் பாடியைத் திருப்பினால் டைமிங் முந்தும். கப்ளிங் உள்ள பம்ப் என்றால் பம்பு பக்கத்து கப்ளிங்கைச் சுற்றும் திசையிலேயே நகர்த்தினால் முந்தும். பம்ப் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. பம்பில் 1 டிகிரி நகர்த்தினால் கிராங்கில் 2 டிகிரி மாறும். இதை மறந்து இரட்டிப்பாகத் திருப்புகிறவர்கள்தான் அதிகம்.

திரும்பப் பூட்டும்போது ஹோல்டருக்குப் புது வாஷர் போடுங்கள். ‘ஏ’ வகை பம்புக்கு 4 முதல் 4.5 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு போதும். நீளக் குழாய் சொருகி இறுக்கினால் பேரல் நெளிந்து, அதற்குள் ஏறி இறங்கும் பிளஞ்சர் பிடித்து, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் நகராது. ரேக் முழு டீசல் நிலையில் சிக்கினால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடும். ஸ்டார்ட் செய்யுமுன் ரேக் தடையின்றி நகர்கிறதா பாருங்கள். காற்று வாயை மூட ஒரு பலகையோடு ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். கையால் மூடக் கூடாது.

புல்லிக் குறியே சந்தேகமாக இருக்கிறது. உண்மையான டாப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? — மோல்மீன்

சந்தேகம் நியாயமானது. டேம்பர் புல்லியில் ரப்பர் விட்டுப்போனால் வெளி வளையம் நகர்ந்துவிடும், குறியும் கூடவே நகரும். ஃபிளைவீல் ஜன்னலில் குறி இருந்தால் அதை நம்பலாம்.

இல்லையென்றால், ஒன்றாம் சிலிண்டரை ஏறக்குறைய டாப்பில் வைத்து ஒரு வால்வின் ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். வால்வ் பிஸ்டன் மேல் உட்காரும். தண்டில் ஓ-ரிங் மாட்டிவிட்டால் உள்ளே விழாது. டயல் கேஜை வைத்து, உச்சத்திலிருந்து 2 மி.மீ. இறங்கும் இடத்தை இரண்டு பக்கமும் புல்லியில் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவேதான் டாப். உச்சியில் பிஸ்டன் சில டிகிரிக்கு அசைவதே தெரியாது, அதனால் உச்சத்தை நேராகப் பார்த்துக் குறித்தால் தப்பும்.

டிகிரி அளவு இல்லாத புல்லிக்கு: விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி 360-ஆல் வகுங்கள். 240 மி.மீ. புல்லியில் 1 டிகிரி என்பது 2.1 மி.மீ. சுற்றளவு. காகிதப் பட்டையில் அளந்து ஒட்டினால் வேலை முடிந்தது.

மேமியோ ஏற்றத்தில் கறுப்புப் புகை. டைமிங்கை முந்திவைக்கலாமா? — மாந்தலே

வேண்டாம். மேமியோ ஏறத்தாழ 1,070 மீட்டர் உயரம். அங்கே காற்று பத்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும், டர்போ இல்லாத எஞ்சினுக்குள் போகும் காற்றும் அந்த அளவு குறையும். டீசல் மட்டும் குறையாமல் போகிறது, எரியாதது கறுப்பாக வெளியேறுகிறது. ஏர் ஃபில்டரை மாற்றுங்கள், கியரை ஒன்று இறக்கிப் போங்கள். கீழ் நிலத்திலும் கறுப்பு வந்தால், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களை டெஸ்டரில் போடுங்கள். டைமிங்கை முந்திவைத்தால் தட்டல் கூடும், ஹெட் கேஸ்கெட் போகும்.

ஒரு சிலிண்டரில் மட்டும் தட்டுகிறது. மெக்கானிக் டைமிங் என்கிறார்.

மொத்த டைமிங் தப்பினால் ஆறும் தட்டும், ஒன்று மட்டும் தட்டாது. ஐட்லிங்கில் ஒவ்வொரு பைப் நட்டாகத் தளர்த்திப் பாருங்கள். எதைத் தளர்த்தும்போது சத்தம் நிற்கிறதோ அந்த நாசில்தான் குற்றவாளி. அதை இன்னொரு சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். சத்தமும் கூடவே போனால் சந்தேகமே இல்லை. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் திறக்கும் அழுத்தம் பெரும்பாலும் 180 முதல் 220 பார். ஸ்பிரிங் தளர்ந்தால் அந்தச் சிலிண்டரில் மட்டும் சற்று முன்னதாகப் பீய்ச்சும், அதனால்தான் டைமிங் தப்பியது போலத் தோன்றுகிறது. பீய்ச்சலின் முன் கை நீட்ட வேண்டாம், தோலைத் துளைத்து உள்ளே போகும். சத்தம் நாசிலோடு போகாவிட்டால் பம்பை பெஞ்சில் ஏற்றி அவுட்லெட்டுகளின் இடைக்கோணம் 60 டிகிரிக்கு வருகிறதா பார்க்கச் சொல்லுங்கள்.

வழியோரம் பாட்டில் டீசல் போட்டதிலிருந்து தட்டல். டைமிங் நகர்ந்துவிட்டதா? — தாட்டோன்

போல்ட் இறுக்கமாக இருந்தால் டைமிங் தானாக நகராது. மண்ணெண்ணெய் கலந்திருந்தால் தீப்பற்றுவது தாமதமாகி, பிறகு ஒரே மூச்சாக எரியும். காதுக்கு அது முந்திய டைமிங் போலவே கேட்கும். டேங்கை வடித்து, ஃபில்டரை மாற்றி, நல்ல டீசலில் ஒரு நாள் ஓட்டிய பிறகு பேசுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் திறந்து வடியுங்கள்.

சின்ன லாரியில் வி.ஈ. பம்ப் (ஒரே பிளஞ்சர் எல்லா சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிடும் வகை). ஸ்பில் செய்யலாமா?

இதற்கு டயல் கேஜ்தான். பம்பின் பின்புற நடு போல்ட்டைக் கழற்றி கேஜைப் பூட்டுங்கள். எஞ்சினைப் பின்னால் சுற்றி முள் அசையாமல் நிற்கும் இடத்தில் பூஜ்யம் வையுங்கள். குறி வரை முன்னோக்கிச் சுற்றி, பிளஞ்சர் எவ்வளவு ஏறியது என்று படித்து, உங்கள் எஞ்சினுக்கான அளவோடு ஒப்பிடுங்கள். குளிர் ஸ்டார்ட் லீவர் இழுபட்டிருந்தால் முதலில் விடுவித்துவிடுங்கள், இல்லையேல் அளவு முழுதும் தவறு.