கேள்வி – பதில்: தீவைத் தாண்டும் கடல்

கேள்வி: அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஹேட்டராஸ் தீவின் நெடுஞ்சாலையில் கடல்நீர் ஏறி மணலைக் கொட்டிவிட்டுப் போவதாகப் படித்தேன். கரையில் உயரமான மணல்மேடு எழுப்பித் தடுக்க முடியாதா?

பதில்: எழுப்பித்தான் பார்த்தார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தின்போது, வேலையற்ற இளைஞர்களை அரசு அமர்த்தி, அவுட்டர் பேங்க்ஸ் எனப்படும் அந்தத் தீவுத்தொடரின் கரை நெடுக மணல்மேடு அமைத்துப் புல் நட்டது. அந்த மேடு காக்கும் என்ற நம்பிக்கையில்தான் 12-ஆம் எண் நெடுஞ்சாலையும் பல வீடுகளும் பின்னாளில் அதன் மறைவில் எழுந்தன.

ஆனால் அட்லாண்டிக் கடலுக்கும் பாம்லிகோ காயலுக்கும் நடுவே கிடக்கும் அந்தத் தீவு வெறும் மணல். சில இடங்களில் அதன் அகலம் சில நூறு மீட்டர்தான். அங்கே கடல் ஏறப் பெரும்புயல்கூட வேண்டியதில்லை. வலுத்த வாடைக்காற்றும் அமாவாசை, பௌர்ணமி ஓதமும் சேர்ந்தாலே போதும். மேட்டைத் தாண்டும் அலை, கடற்பக்கத்தில் அரித்த மணலைத் தீவின் உட்புறத்திலும் காயலோரத்திலும் விசிறிபோல் பரப்புகிறது. இப்படி ஒரு பக்கம் இழந்ததை மறுபக்கம் சேர்த்துக்கொண்டுதான், உயர்ந்துவரும் கடல்மட்டத்துக்கு ஈடுகொடுத்து, தீவு மெல்ல உள்நிலத்தை நோக்கி நகர்கிறது. மேடு கட்டி அலையை மறித்தால், கடற்பக்க அரிப்பு நிற்பதில்லை, காயல் பக்கத்து வரவு மட்டுமே நிற்கிறது. ஆகவே தீவு இளைக்கிறது. சாலையில் குவிந்த மணலைப் புல்டோசரால் வாரி மீண்டும் கடலோரத்திலேயே மேடாக்குவதும் இதே தவறுதான் என்பேன், போக்குவரத்துக்கு அன்றைக்கு வேறு வழியில்லை என்றபோதிலும்.

2003-இல் இசபெல் புயலும் 2011-இல் ஐரீன் புயலும் தீவை அறுத்துப் புதிய முகத்துவாரங்களையே திறந்துவிட்டன. ரொடாந்தே ஊருக்கு வடக்கே சாலையைக் காயல்மீது வளைத்துச் செல்லும் பாலம் 2022-இல் திறக்கப்பட்டது. கரையோரப் பழைய தடத்தைக் கடலுக்கே விட்டுக்கொடுத்த அந்த முடிவைத்தான் நான் அறிவுடைமை என்று கருதுகிறேன்.

கேள்வி: அப்படியானால் வெள்ளம் கடற்பக்கத்திலிருந்து மட்டும்தான் வருமா?

பதில்: இல்லை. புயற்காற்று காயல்நீரை ஒருபுறம் ஒதுக்கிவைத்து, புயல் கடக்கையில் திசை மாறி, அதே நீரைத் தீவின் முதுகுப்புறத்தில் ஏற்றிவிடும். 2019-இல் டோரியன் புயலின்போது ஆக்ரக்கோக் தீவு இப்படித்தான் மூழ்கியது. பழைய தலைமுறையினர் இதை அறிந்தே, வீடு மிதந்து போய்விடாதிருக்கத் தரைப்பலகையில் துளையிட்டு நீரைத் தாங்களே உள்ளே விட்டதுண்டு.