நிஸ்ஸேவுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி

கேள்வி: ஒஸ்லோவில் வசிக்கிறோம். டிசம்பர் 24 இரவு நிஸ்ஸேவுக்குக் கஞ்சி வைக்க வேண்டும் என்று பாலர் பள்ளிக்குப் போகும் மகள் அடம்பிடிக்கிறாள். யார் இந்த நிஸ்ஸே? தொடர்மாடி வீட்டில் எப்படி வைப்பது?

பதில்: தாராளமாக வையுங்கள். கடையில் சிவப்புத் தொப்பியோடு நிற்கும் பொம்மையைப் பார்த்து, நத்தார் தாத்தாதான் இவர் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய நிஸ்ஸே பண்ணையின் காவலர். காட்டைத் திருத்தி அந்த நிலத்தை முதலில் உழுதவரே, இறந்த பின்னும் இடத்தை விட்டுப் போகாமல் காவல் இருக்கிறார் என்று பல ஊர்களில் நம்பினார்கள். தொழுவத்து மாடு, குதிரைகளைக் கவனிப்பது அவர் வேலை. அதற்கான கூலிதான் இந்தக் கஞ்சி.

கூலியில் குறை வைத்தால் பொறுக்கமாட்டார். ஒரு பண்ணையில் வேலைக்காரப் பெண் வெண்ணெயைக் கஞ்சிக்கு அடியில் ஒளித்து வைத்தாளாம். மேலே வெண்ணெயைக் காணாத நிஸ்ஸே, கோபத்தில் நல்ல கறவை மாட்டை அடித்துக் கொன்றுவிட்டார். பிறகு சாப்பிட உட்கார்ந்தால், அடியில் வெண்ணெய்! வெட்கிப்போய், இரவோடிரவாக அடுத்த பண்ணையிலிருந்து அதே மாதிரி மாட்டை ஓட்டிவந்து கட்டினாராம். உங்கள் மகளுக்கு இந்தக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நத்தாருக்கு இங்கே வழங்கும் 'யூல்' என்ற பெயரும் கிறிஸ்தவத்துக்கு முந்தியது. 10ஆம் நூற்றாண்டில் நோர்வே அரசர் ஹாக்கோன் யூலைக் கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்துக்கு மாற்றிச் சட்டம் போட்டார், ஒவ்வொருவரும் பீர் காய்ச்சிக் கொண்டாடவும் சொன்னார் என்று 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து வரலாற்றாசிரியர் ஸ்னோரி எழுதிவைத்தார். அதற்கு முன் அது நடுக்குளிர்கால இரவில் தொடங்கியதாம். இதை வைத்து 'கிறிஸ்துமஸே பழஞ்சமய விழா' என்பது மிகை. பழைய விருந்தும் புதிய விழாவும் ஒரே நாட்களில் சேர்ந்துகொண்டன, அவ்வளவே.

சமையலுக்கு வருவோம். அந்தக் காலத்தில் அரிசி இறக்குமதிப் பண்டம். பார்லிக் கஞ்சியோ புளித்த பாலாடைக் கஞ்சியோதான் வைத்தார்கள். இன்று கஞ்சிக்கென்றே குறுமணி அரிசி கிடைக்கிறது. கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து, பால் ஊற்றி, சிறுதீயில் முக்கால் மணி நேரமாவது கிளறுங்கள். மேலே சர்க்கரை, கறுவாத்தூள். நடுவில் குழித்து ஒரு கட்டி வெண்ணெய். அதை இங்கே 'வெண்ணெய்க் கண்' என்பார்கள்.

தொழுவம் இல்லாவிட்டால் பால்கனி போதும். பொது நடைபாதையில் மெழுகுவர்த்தி மட்டும் வேண்டாம். வெண்ணெய் உருகி மஞ்சளாகத் தேங்குவதை மகள் பார்த்த பிறகு கிண்ணத்தை வெளியே வையுங்கள். காலையில் அவள் எழுமுன் அதைக் காலியாக்குவது உங்கள் பொறுப்பு.