வாயு சென்சாருக்கு உலோக ஆக்சைடு நானோ அமைப்புகளை எப்படித் தயாரிப்பது? புதிதாக ஆய்வில் இறங்குபவர் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முனைவர் பட்டத்துக்காக இதே வேலையில் ஐந்து வருடம் கிடந்தவன் நான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தயாரிப்பு நீங்கள் பயப்படும் அளவுக்குக் கஷ்டமில்லை. தயாரித்த பொடியை நம்பத்தக்க சென்சாராக மாற்றுவதில்தான் காலம் போகும்.

அடிப்படை எளிமையானது. துத்தநாக ஆக்சைடையோ டின் ஆக்சைடையோ 300 டிகிரி வாக்கில் சூடாக வைத்தால், காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் பரப்பில் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். பரப்புக்கு அடியில் எலக்ட்ரான் வற்றிய ஒரு படலம் உருவாகும், மின்தடை ஏறும். எத்தனால், ஹைட்ரஜன் போன்ற வாயு வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்தால் எலக்ட்ரான்கள் உள்ளே திரும்பும், மின்தடை இறங்கும். நைட்ரஜன் டை ஆக்சைடு வந்தால் நேர்மாறாக இன்னும் ஏறும். காப்பர் ஆக்சைடு, நிக்கல் ஆக்சைடு போன்ற பி வகை (எலக்ட்ரான்களுக்குப் பதில், எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்களான ‘துளைகள்’ மின்சாரத்தைக் கடத்துபவை) என்றால் எல்லாமே தலைகீழ்.

அப்படியானால் நானோ எதற்கு? டின் ஆக்சைடில் அந்த வற்றிய படலத்தின் தடிமன் சுமார் 3 நானோமீட்டர். பொடியிலுள்ள ஒவ்வொரு நுண்படிகத்தையும் மணி என்போம். அந்த மணியின் விட்டம் 6 நானோமீட்டருக்குக் கீழே போனால் இரண்டு பக்கப் படலமும் சேர்ந்து மணி முழுவதுமே வற்றிவிடும். உணர்திறன் சட்டென்று எகிறும். ஜப்பானின் நொபோரு யமசோயே குழு 1991இல் காட்டியது இதைத்தான். கணக்கில் வருவது மணியின் அளவு. வெளித்தோற்றம் என்ன வடிவத்தில் இருக்கிறது என்பது அதற்கு அப்புறம்தான்.

சரி, செய்முறைக்கு வருவோம். முதன்முதலில் கை வைப்பவருக்கு நான் சொல்வது துத்தநாக ஆக்சைடு நானோ குச்சிகள். துத்தநாக அசிட்டேட்டை எத்தனாலில் கரைத்து, கண்ணாடித் தகட்டில் மெல்லிய பூச்சாக இட்டு 350 டிகிரியில் சுட்டால், குச்சிகள் முளைக்க இடம் தரும் விதைப் படலம் தயார். இதைத் தவிர்த்தால் குச்சிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாய்ந்து வளரும். பிறகு துத்தநாக நைட்ரேட்டும் ஹெக்சமினும் தலா 25 மில்லிமோலார் உள்ள கரைசலில் தகட்டை வைத்து, 90 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் விட வேண்டும். ஹெக்சமின் மெதுவாகச் சிதைந்து அம்மோனியாவை விடுவதால் கரைசல் கொஞ்சம் கொஞ்சமாகக் காரமாகும். அந்த நிதானத்தில்தான் குச்சிகள் ஒழுங்காக வளர்கின்றன. தகட்டின் பூசிய முகம் கீழே பார்த்திருக்கட்டும். கொஞ்ச நேரத்தில் கரைசல் கலங்கி வெண்பொடி இறங்கத் தொடங்கும். முகம் மேலே இருந்தால் அவ்வளவும் அதன் மேல்தான் உட்காரும். என் முதல் தகடு மாவு சலித்த தட்டு போல இருந்தது.

ஆட்டோகிளேவில் (அழுத்தம் தாங்கும் மூடிய கலம்) செய்யும் ஹைட்ரோதெர்மல் முறையும் கிட்டத்தட்ட இதுவே, வெப்பமும் அழுத்தமும் கூடுதல். அதற்குள் இருக்கும் டெஃப்ளான் குடுவையை முழுக்க நிரப்பாதீர்கள். நன்றாக ஆறாமல் திறக்கவும் கூடாது.

அடுத்தது சுடுவது. சென்சார் 300 டிகிரியில் ஓடப்போகிறது என்றால் பொடியை அதைவிட நூறு டிகிரியாவது மேலே கொண்டுபோய்ச் சுட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சென்சார் ஓடும்போதே மணிகள் வளர்ந்து, அடிக்கோடு, அதாவது வெறும் காற்றில் காட்டும் மின்தடை, நாள்தோறும் நகரும். அதற்காக 800 டிகிரிக்கு ஏற்றினால் பாடுபட்டுச் சிறிதாக்கிய மணிகளெல்லாம் பெருத்துவிடும். இந்த இழுபறிக்கு நடுவே ஓர் இடத்தைப் பல சாம்பிள் செய்துதான் பிடிக்க முடியும்.

பூ வடிவ மோகம் பற்றியும் ஒரு வார்த்தை. எஸ்.இ.எம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் இதழ் இதழாக விரிந்த டின் ஆக்சைடு பூக்களைப் பார்த்து நானும் மயங்கியவன்தான். அந்தப் பொடியை கல்வத்தில் அரைத்து, பேஸ்ட்டாக்கி, அலுமினாத் தகட்டில் பூசிய பிறகு ஒருநாள் ஏதோ தோன்றி மறுபடி படம் எடுத்தேன். பூ ஒன்றுகூட இல்லை, நொறுங்கிய இதழ்கள் மட்டும்தான். சென்சார் என்னவோ நன்றாகவே வேலை செய்தது. அதுவரை என் அறிக்கைகளில் பூ வடிவத்துக்குக் கொடுத்திருந்த பெருமையையெல்லாம் அடித்து நீக்கிவிட்டேன். வடிவம்தான் காரணம் என்று எழுதுவதாக இருந்தால், பூசிய பிறகு எடுத்த படத்தைக் காட்டுங்கள்.

எனக்கு விழுந்த பெரிய அடி வேறு இடத்திலிருந்து வந்தது. சோதனை அறையின் மூடி கசிந்ததால் சிலிக்கோன் பசையால் அடைத்தேன். முதல் வாரம் எத்தனாலுக்கு 20 மடங்கு மாறிய மின்தடை, ஐந்தாவது வாரம் 4 மடங்குக்கு வந்துவிட்டது. பொடியில்தான் குறை என்று நினைத்து மூன்று தடவை புதிதாகச் செய்தேன். மூன்றும் அதே போல மங்கின. கடைசியில் ஒரு சாம்பிளை வெறும் கண்ணாடி ஜாடியில் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. பசையிலிருந்து வரும் சிலாக்சேன் (சிலிக்கான் அடங்கிய சேர்மம்) ஆவி சூடான பரப்பில் எரிந்து சிலிக்காவாகப் படிகிறது. அதன் பிறகு அந்தப் பரப்புக்கு உயிரில்லை. துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஈரப்பதத்தை மறந்துவிடாதீர்கள். உலர்ந்த காற்றில் அபாரமாக இருக்கும் எண்கள் ஈரக் காற்றில் பாதியாகலாம். எத்தனால் சென்சார் என்று பெயர் வைக்கும் முன் அசிட்டோனையும் காட்டிப் பாருங்கள். துத்தநாக ஆக்சைடு இரண்டுக்கும் துள்ளும்.

முதல் சாம்பிள் கைக்கு வந்ததும் வாயுவைச் செலுத்த அவசரப்பட வேண்டாம். ஓர் இரவு முழுக்க வெறும் காற்றில் 300 டிகிரியில் ஓடவிடுங்கள். காலையில் மின்தடைக் கோடு இன்னும் சரிந்துகொண்டே இருந்தால், சிலிண்டரைத் தொடாமல் இன்னொரு நாள் விடுங்கள்.