100 எம்பிபிஎஸ் இணைய வேகம் இருந்தும் வெளிநாட்டுத் தளம் திணறுவது ஏன்?

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறோம். உள்ளூர் கேபிள்காரரிடம் 100 எம்பிபிஎஸ் இணைப்பு பெற்றிருக்கிறோம். வேகச் சோதனையில் முழு வேகமும் காட்டுகிறது. யூடியூப் தங்குதடையின்றி ஓடுகிறது. ஆனால் ஜெர்மனியில் உள்ள பையரின் (எங்களிடம் சரக்கு வாங்குபவரின்) தளத்தில் டிசைன் கோப்புகளை ஏற்றும்போது, மாலை வேளையில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா? நுகர்வோர் ஆணையத்தில் முறையிட வழி உண்டா?

பதில்: இந்தக் காரணத்துக்காக மாற வேண்டாம். உங்களுக்கு விற்கப்பட்ட 100 என்பது பெரும்பாலும் உங்கள் அலுவலகத்துக்கும் இணைய நிறுவனத்தின் கருவிக்கும் இடையிலான வேகம் மட்டுமே. யூடியூப் காட்சிகள் நாட்டுக்குள்ளேயே, பல சமயம் இணைய நிறுவனத்தின் வளாகத்திலேயே, சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றன. வேகச் சோதனையும் தானாகவே அருகிலுள்ள சர்வரைத்தான் தேர்ந்தெடுக்கிறது. ஜெர்மனிக்குச் செல்லும் கோப்போ சென்னை, மும்பை போன்ற கரைகளில் இறங்கும் கடலடிக் கேபிள் வழியாக நாட்டைக் கடக்க வேண்டும். அந்தப் பாதையில் உங்கள் நிறுவனம் வாங்கி வைத்திருக்கும் கொள்ளளவை எல்லா வாடிக்கையாளர்களும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். சத்தியமங்கலம் வரை எவ்வளவு அகலமான சாலை போட்டாலும் திம்பம் மலைப்பாதையில் லாரிகள் வரிசையாகத்தானே ஏற வேண்டும்!

நமக்கு மாலை 7 மணி என்றால் ஜெர்மனியில் நண்பகல் கடந்த அலுவலக நேரம். இங்கே வீடுகளில் எல்லோரும் இணையத்தைத் திறக்கும் நேரமும் அதுவே. பங்கீடு என்பது ஒளித்துச் செய்யும் காரியமன்று: 2009-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்ட வழிகாட்டுதலே வீட்டு இணைப்புக்கு 1:50 (ஒருவருக்கான கொள்ளளவை ஐம்பது பேர் பங்கிடுவது), வணிக இணைப்புக்கு 1:30 என்ற அளவுவரை அதை ஏற்றுக்கொண்டது. இதோடு செங்கடல் வழியாகச் செல்லும் கேபிள்கள் அறுபடுவதும் உண்டு. 2025 செப்டம்பரில் சவூதி அரேபியாவின் ஜெட்டா அருகே கேபிள்கள் சேதமடைந்தபோது இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் வேகம் குறைந்தது. தூரத்தால் வரும் தாமதத்தை எந்தத் திட்டமும் நீக்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

முதலில், மாலையில் ஒருமுறையும் அதிகாலையில் ஒருமுறையும் வேகச் சோதனையில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் சர்வரை நீங்களே தேர்ந்தெடுத்து அளந்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பதிவேற்ற வேகத்தையும் பாருங்கள். மலிவான சில திட்டங்களில் அது பதிவிறக்கத்தைவிட மிகக் குறைவு. அதிகாலையில் நன்றாக இருந்து மாலையில் மட்டும் சரிந்தால் நெரிசல்தான் காரணம். அப்போது வேறு நிறுவனத்தில் இரண்டாவது இணைப்பு எடுப்பது, 300-க்கு மாறுவதைவிடப் பயன் தரும். ஆனால் உள்ளூர் கேபிள்காரர்கள் இருவர் ஒரே பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக வாங்குவதும் உண்டாகையால், யாரிடமிருந்து வாங்குகிறார்கள் என்பதைக் கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். ஆர்டர் அளவு தாங்குமானால், பங்கீடு இல்லாமல் உங்களுக்கென்றே ஒதுக்கப்படும் இணைப்பான லீஸ்டு லைன் எடுக்கலாம். அதன் விலை பல மடங்கு.

தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. எனினும் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழிலால் பிழைப்பு நடத்துபவருக்கு அது தரும் விலக்கும் பொருள்கள் வாங்குவதைப் பற்றியே பேசுகிறது. ஏற்றுமதி நிறுவனமான உங்களிடம் எதிர்த்தரப்பு முதலில் எழுப்பும் வாதம் இதுவாகவே இருக்கும். ஆகவே லீஸ்டு லைன் எடுப்பதானால், வெளிநாட்டுப் பாதையின் வேகம், தாமதத்தின் உச்ச வரம்பு, தவறினால் கழித்துத் தர வேண்டிய கட்டணம் ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள்.