மொரீசியஸில் தமிழ்த் திருப்பலி தேடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

எபேனில் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள் ஆகியும், ஞாயிறு திருப்பலிக்குப் போய் யாரோடும் பேசாமல் அறைக்குத் திரும்பிவிடுகிறீர்கள் என்றும், தூத்துக்குடியில் உங்கள் ஆலயப் பங்கில் இருந்ததைப் போன்ற தமிழ்ப் பாட்டும், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டமும் இங்கே எங்கே கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். தமிழில் திருப்பலி நடக்கும் இடத்தைத் தேடி அலைவதைவிட, நீங்கள் குடியிருக்கும் தெரு எந்தப் பங்கைச் சேர்ந்ததோ அந்தப் பங்கிலேயே ஊன்றிக்கொள்ளுங்கள் என்பதுதான், இங்கேயே குடும்பமாகிவிட்ட நான் சொல்லக்கூடிய பதில்.

இந்தத் தீவில் தமிழர் என்றால் காவடி எடுக்கும் இந்துக்கள் என்றுதான் பலரும் புரிந்துகொள்வார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களில் ஞானஸ்நானம் பெற்றவர்களின் வழிவந்தோர் காலப்போக்கில், பெரும்பாலும் ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த கிரியோல் சமூகத்தோடு கலந்துவிட்டார்கள். ஆகவே, நீங்கள் தமிழர், அதுவும் கத்தோலிக்கர் என்று சொல்லும்போது எதிரில் இருப்பவர் புருவம் உயர்த்தினால் வருத்தப்படாதீர்கள். அந்த வியப்பிலேயே பல நட்புகள் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே திருப்பலி பெரும்பாலும் பிரெஞ்சிலும், அதிலிருந்து உருவான இத்தீவின் பேச்சுமொழியான கிரியோலிலும் நடக்கும். மொழி புரியவில்லை என்று கைப்பேசியில் ஊர்ப் பங்கின் நேரலையைப் பார்த்துக்கொண்டு அறையிலேயே இருந்துவிடும் பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும். அதைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் நேரலையில் சமாதானம் சொல்லிக் கை கொடுக்க ஆள் இல்லையே. திருப்பலியின் ஒழுங்கு உங்களுக்கு மனப்பாடம். எந்த இடத்தில் என்ன செபம் வருகிறது என்பது தெரிந்திருப்பதால், கிரியோல் தானாகவே காதில் ஏறத் தொடங்கும். சில பங்குகளில் ரவான் என்னும் தோல்மேளத்தைத் தட்டி, செகா என்னும் இத்தீவின் நாட்டுப்புற இசையின் தாளத்தில் காணிக்கைப் பாடல் பாடுவார்கள். முதலில் கூச்சமாக இருந்தாலும், திருவிழாவில் பறையும் மேளமும் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த மகிழ்ச்சி அந்நியமானதல்ல. பாடகர் குழுவில் சேர்ந்துவிடுங்கள். பேச வராத மொழியிலும் பாட வந்துவிடும், ஒத்திகைக்குப் பிறகு தேநீரோடு பேச்சும் வந்துவிடும்.

இதற்கு இந்த மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. பிரான்சில் மருத்துவராக இருந்து குருவான ழாக் தெசிரே லவால் 1841-இல் இங்கு வந்தார். 1835-இல் அடிமைத்தளை நீங்கியும் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத கறுப்பின மக்களுக்காகவே உழைத்த அவர், அவர்களுடைய கிரியோலைக் கற்று, அதிலேயே எளிய மறைக்கல்வியை அமைத்து, அந்த மக்களிடமிருந்தே மறைக்கல்வி சொல்லித்தருபவர்களை உருவாக்கினார். பங்கைத் தாங்குபவர்கள் குருக்களல்லாத பொதுநிலையினரே என்னும் பழக்கம் இங்கே அப்படி வேரூன்றியது என்பது என் எண்ணம். அதனால்தான், யாராவது அழைக்கட்டும் என்று காத்திருக்காமல் நாற்காலி அடுக்கும் வேலைக்காவது முன்வந்து நின்றால், அவர்கள் உங்களை உடனே தங்களில் ஒருவராக எண்ணிக்கொள்வார்கள்.

லவால் 1864 செப்டம்பர் 9 அன்று மறைந்தார். 1979-இல், புனிதர் நிலைக்கு முந்திய படியான அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். போர்ட் லூயிஸை ஒட்டிய சாந்த் குருவாவில் உள்ள அவருடைய கல்லறைக்கு, செப்டம்பர் 8 இரவு தீவெங்கிலுமிருந்து மக்கள் நடந்தே வருவார்கள். இந்துக்களும் இஸ்லாமியரும்கூட வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவதைக் காணும்போது, வேளாங்கண்ணிக்கு நடந்துபோகும் கூட்டம் உங்களுக்கு நினைவுக்கு வரும். அதுவும் அன்னையின் பிறப்பு விழாவான அதே செப்டம்பர் 8. உங்கள் பங்கிலிருந்து புறப்படும் குழுவோடு ஒருமுறை நடந்து பாருங்கள். ஞாயிறுதோறும் தலையசைப்போடு நின்றுபோகும் அறிமுகங்கள் அந்த ஓர் இரவில் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு வளரும்.

தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த உங்கள் அறைத்தோழரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆங்கிலிக்கன் சபையில் ஆங்கில ஆராதனை கிடைக்கும். போர்ட் லூயிஸின் புனித யாக்கோபு பேராலயத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று: தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை உள்ள இந்த நாட்டில் பெரிய வெள்ளிக்கு விடுமுறை கிடையாது. சிலுவைப்பாதையில் கலந்துகொள்ள விரும்பினால், தவக்காலம் தொடங்கும்போதே அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.