முதல் தொழில், முதல் கடன்: கேள்விகளும் பதில்களும்

வங்கியின் கடன் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது தொழில் தொடங்குகிறவர்களின் திட்ட அறிக்கையைப் பார்த்துத் திருத்திக் கொடுக்கிறேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "எவ்வளவு கடன் கிடைக்கும், எவ்வளவு மானியம் கிடைக்கும்" என்றே இருந்தன. மாதம் எவ்வளவு விற்றால் எனக்கு ஒரு சம்பளம் நிற்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடனுக்கு முன்னால் போட வேண்டிய கணக்கு அதுதான் என்பதால் முதல் கேள்விக்கு மட்டும் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

காங்கேயத்திலிருந்து: மேடம், மரச்செக்கு எண்ணெய் போட ஆசை. செக்கு, மோட்டார், வடிகட்டும் தொட்டி எல்லாம் சேர்த்து 5 லட்சத்துக்குக் கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிறேன். முழுவதும் கடனாகக் கிடைக்குமா?

முழுவதும் கிடைப்பது அரிது, உங்கள் பங்கு கொஞ்சம் இருக்க வேண்டும். இருந்தாலும் 5 லட்சமும் கடன் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். விலைகளை நான் பேச்சுக்குச் சொல்கிறேன், உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுப் பாருங்கள்.

செக்கில் ஒரு கிலோ கடலை எண்ணெய் எடுக்க ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை 910 கிராம் அளவில் இருக்கும், ஆக லிட்டருக்கு 2.3 கிலோ பருப்பு. கிலோ 130 என்றால் 300 ரூபாய். புண்ணாக்கு விற்று 60 ரூபாய் திரும்பி வந்தால் நிகரச் செலவு 240. பாட்டில், லேபிளுக்கு 12, கரண்டுக்கு 5. நீங்களே நேராக 320-க்கு விற்றால் லிட்டருக்கு 63 ரூபாய் நிற்கும்.

இனி விற்றாலும் விற்காவிட்டாலும் வரும் செலவு. ஆள் கூலி 15,000, வாடகை 8,000. 5 லட்சத்தை 11 சதவீத வட்டியில் 5 வருடத்தில் கட்டினால் மாதத் தவணை 10,870 சொச்சம். மொத்தம் ஏறக்குறைய 34,000. இதை 63-ஆல் வகுத்தால் 540 லிட்டர். அதாவது மாதம் 540 லிட்டர் விற்றால்தான் கையைக் கடிக்காது, அதிலும் உங்களுக்கு ஒரு ரூபாய் நிற்காது. மாதம் 20,000 எடுக்க வேண்டுமென்றால் 860 லிட்டர் விற்க வேண்டும்.

இதே எண்ணெயைக் கடைகளில் போட்டு, கடைக்காரருக்கு லிட்டருக்கு 40 ரூபாய் விட்டுக்கொடுத்தால் உங்களுக்கு நிற்பது 23 தான். அப்போது தவணையும் வாடகையும் கட்டவே 1,480 லிட்டர் வேண்டும். ஆகவே கொட்டேஷனைக் கீழே வைத்துவிட்டு, 320 ரூபாய் கொடுத்து நேராக வாங்கும் குடும்பங்கள் எத்தனை கிடைக்கும் என்று முதலில் பாருங்கள். வாடகைச் செக்கில் ஆட்டி நான்கைந்து மாதம் விற்றுப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

இன்னொன்று, இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். 860 லிட்டருக்கு மாதம் 2 டன் பருப்பு வேண்டும், அது மட்டும் 2.6 லட்சம். அறுவடைக் காலத்தில் விலை இறங்கும்போது இரண்டு மாதச் சரக்கு வாங்கிப் போட நினைத்தால் 5 லட்சத்துக்கு மேல் போகும். மெஷினுக்கு ஆகும் அளவு பணம் சரக்குக்கும் வேண்டும் என்று அர்த்தம். மெஷினுக்கு மட்டும் கடன் வாங்கிவிட்டு, சரக்குக்கு வெளியில் மூன்று வட்டிக்கு வாங்கி மூழ்கிய நல்ல தொழில்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நடைமுறை மூலதனத்தையும் திட்ட அறிக்கையிலேயே சேர்த்துக் கேளுங்கள். ஆண்டு விற்பனை மதிப்பீட்டில் 20 சதவீதம் வரை அதற்கென வரம்பு கொடுப்பது சிறு தொழிலுக்கு வங்கிகளில் வழக்கமான கணக்கு. உங்கள் 33 லட்சம் விற்பனைக்கு அது 6.6 லட்சம். புது யூனிட் என்பதால் மேனேஜர் குறைத்துத்தான் தொடங்குவார், ஆனால் கேட்காமல் ஒன்றும் வராது.

காங்கேயத்தில் தேங்காய்ப் பருப்பு வாசலிலேயே கிடைக்கிறதே என்று தோன்றும். பெரிய மில்களும் அங்கேதான் இருக்கின்றன, விலையில் அவர்களோடு மோத முடியாது. கடலை, எள்ளோடு துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பரமக்குடியிலிருந்து: அம்மா, நான் கிராமத்தில் இருக்கிறேன். பிஎம்இஜிபி-யில் பெண்களுக்கு 35 சதவீதம் மானியம் என்கிறார்கள். அந்தப் பணம் கையில் வருமா?

கையில் வராதும்மா. பிஎம்இஜிபி என்பது புதுத் தொழிலுக்கு வங்கிக் கடனோடு மானியமும் தரும் மத்திய அரசுத் திட்டம். பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீதம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்களுக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. உங்கள் திட்டம் 10 லட்சம் என்றால் உங்கள் பங்கு 5 சதவீதம், 50,000. மீதி 9.5 லட்சத்தை வங்கி கடனாகத்தான் கொடுக்கும். மானியம் 3.5 லட்சம் வங்கிக்கு வந்து, உங்கள் பெயரில் 3 வருடம் வைப்பாகக் கிடக்கும். அந்த 3.5 லட்சத்துக்குக் கடன் வட்டி கிடையாது, வைப்புக்கும் வட்டி கிடையாது. 3 வருடம் தொழில் ஒழுங்காக நடந்து, நேரில் வந்து பார்த்த பிறகு கடனில் கழிப்பார்கள். நடுவில் தொழிலை மூடினால் அது உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம்.

2022-ல் உச்சவரம்பை உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் என்று உயர்த்தினார்கள். நிலம் வாங்கும் செலவு இதில் சேராது. ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்கும் கிடையாது, ஆகவே கடனுக்கு முன்பே தொடங்கிவிடாதீர்கள். உற்பத்தியில் 10 லட்சத்துக்கு மேல், சேவையில் 5 லட்சத்துக்கு மேல் என்றால் எட்டாம் வகுப்பு தேர்ச்சி வேண்டும்.

உணவுப் பொருள் செய்பவர்கள், குறு உணவுத் தொழிலுக்கான மத்திய அரசுத் திட்டமான பிஎம்எஃப்எம்இ-யையும் கேளுங்கள்: 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், நடந்துகொண்டிருக்கும் சிறு யூனிட்டை விரிவாக்கவும் கிடைக்கும். தமிழ்நாடு அரசின் மானியக் கடன் திட்டங்களான நீட்ஸ், யுஒய்இஜிபி, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்குமான அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் எல்லாவற்றுக்கும் உங்கள் மாவட்டத் தொழில் மையம்தான் இடம். அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் 35 சதவீத மானியம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி, அதோடு 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. தகுதி இருந்தும் இதைக் கேட்காமல் விட்டவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. எந்தத் திட்டம் இப்போது விண்ணப்பம் வாங்குகிறது, வயது வரம்பு என்ன என்பதையும் அங்கேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

மானியம் அதிகம் கிடைக்கிறதே என்று 4 லட்சத்தில் முடியும் தொழிலை 10 லட்சமாக ஊதிப் போடச் சொல்பவர்கள் வருவார்கள். தவணை கட்டப்போவது நீங்கள், அவர்கள் இல்லை.

திண்டுக்கல்லிலிருந்து: முத்ராவில் 10 லட்சம் சாங்ஷன் ஆகிவிட்டது, 4,500 ரூபாய் கட்டினால் உடனே வரும் என்று போன் வந்தது மேடம். கட்டலாமா?

கட்டாதீர்கள், மோசடி. முத்ரா நேராக யாருக்கும் கடன் கொடுப்பதில்லை, வங்கிகள் வழியாகத்தான் கிடைக்கும். சிறு தொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவும் இலவசம்தான், அதற்குப் பணம் கேட்கிறவரையும் நம்ப வேண்டாம். முத்ராவில் மானியமும் இல்லை. பிணை இல்லாத கடன், அவ்வளவுதான்: சிசு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. தருண் வாங்கி ஒழுங்காக அடைத்தவர்களுக்கு மட்டும் 20 லட்சம் வரை.

வியாசர்பாடியிலிருந்து: அக்கா, தள்ளுவண்டியில் டிபன் கடை போடப் போகிறேன். தண்டல்காரர் 8,500 கொடுத்து தினம் 100 வீதம் 100 நாள் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். வட்டி 1,500 தானே, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியாதும்மா. முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. சராசரியாக உங்கள் கையில் இருப்பது 4,250 அளவுதான், அதற்கு 100 நாளில் 1,500 கொடுக்கிறீர்கள். ஆண்டுக் கணக்கில் 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஒரு தண்டலை அடைக்க இன்னொரு தண்டல் என்று போய்விடும். கந்து வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது.

மாநகராட்சியில் தெருவோர வியாபாரி அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுங்கள். அது இருந்தால், தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசுக் கடன் திட்டமான பிஎம் ஸ்வநிதியில் பிணை இல்லாமல் முதல் தவணைக் கடன் வாங்கலாம். ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது கூடுதலாகக் கிடைக்கும், மூன்றாவது 50,000 வரை போகும். ஒழுங்காகக் கட்டினால் ஆண்டுக்கு 7 சதவீத வட்டி மானியமாகக் கணக்குக்கு வரும். அட்டை வரும்வரை மகளிர் குழுவில் கேட்டுப் பாருங்கள். வண்டியைப் புதிதாக வாங்காமல் பழையதைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவையும் எடுத்துவிடுங்கள், சிறு வியாபாரத்துக்குக் கட்டணம் பெரிதாக இல்லை.

திருப்பூரிலிருந்து: நண்பனும் நானும் சேர்ந்து நாலு தையல் மெஷின் போட்டு, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுக்கப் போகிறோம். பார்ட்டிகள் 90 நாள் கழித்துத்தான் பணம் தருவார்களாம். எப்படிச் சமாளிப்பது மேடம்?

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வருமான வரியிலும் கிடுக்கிப்பிடி வந்துவிட்டது: அந்தக் கெடுவுக்குள் தராத பாக்கியை, உண்மையில் பணம் கொடுத்த வருடத்தில்தான் அந்தப் பார்ட்டி செலவாகக் காட்ட முடியும். அதனால் மார்ச் மாதம் நெருங்கும்போது கேட்டால் பலர் தந்துவிடுகிறார்கள். இதெல்லாம் உங்களுக்குப் பொருந்த, வேலை எடுப்பதற்கு முன்பே உத்யம் பதிவு இருக்க வேண்டும். ஒவ்வொரு பில்லிலும் அந்த எண்ணைப் போடுங்கள். புகார் கொடுக்க அரசு இணையதளம் இருக்கிறது, விசாரிக்கும் மன்றம் கோவையிலும் உண்டு.

ஆனால் புகார் கொடுத்தால் அந்தப் பார்ட்டி அடுத்த ஆர்டர் தரமாட்டார் என்பதும் உண்மை. அதனால் உங்கள் கணக்கில் 90 நாள் என்றே போடுங்கள். டெய்லர் கூலி சனிக்கிழமை சனிக்கிழமை போக வேண்டும், உங்களுக்குப் பணம் மூன்று மாதம் கழித்து வரும். மூன்று மாதக் கூலியும் வாடகையும் கையிருப்பில் இல்லாமல் நாலு மெஷின் போடாதீர்கள், இரண்டில் தொடங்குங்கள். ஒரே பார்ட்டியிடம் பாதிக்கு மேல் வேலை எடுக்காதீர்கள்.

நண்பரோடு கூட்டு என்கிறீர்கள். யார் எவ்வளவு போட்டது, மாதம் யார் எவ்வளவு எடுக்கலாம், ஒருவர் விலகினால் மெஷின் யாருக்கு, எல்லாவற்றையும் இப்போதே பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்யுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதுதான் இதை எழுத முடியும்.

நாகர்கோவிலிலிருந்து: பேக்கரிக்கு ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா? பிரைவேட் லிமிடெட் ஆக்க வேண்டுமா?

பொருள் மட்டும் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி கட்டாயம். உட்கார்ந்து சாப்பிட மேசை போட்டால் அது சேவை, அப்போது வரம்பு 20 லட்சம். பக்கத்தில்தானே என்று கேரளத்துக்குச் சரக்கு அனுப்பினால் வரம்பு பார்க்காமல் பதிவு வேண்டும். கம்பெனி இப்போதைக்கு வேண்டாம். தனிநபர் தொழிலாகவே தொடங்கி, தனியாக ஒரு நடப்புக் கணக்கு திறந்து, வரவு செலவு முழுவதையும் அதில் ஓட்டுங்கள்.

சேலத்திலிருந்து: ஆடிட்டர் போட்டுக் கொடுத்த நல்ல அறிக்கை இருந்தும் மேனேஜர் மறுத்துவிட்டார். அப்பா வீட்டுப் பத்திரத்தை வைக்கலாம் என்கிறார். வைக்கட்டுமா மேடம்?

வீட்டை வைக்காதீர்கள். முதல் தொழிலுக்கு, அதுவும் அப்பா அம்மா குடியிருக்கும் வீட்டை வைக்கச் சொல்ல எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை. சிறு தொழில் கடனுக்கு ஒரு வரம்பு வரை பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதற்கு மேல் என்றாலும் சிறு தொழில் கடனுக்காக வங்கிக்கு உத்தரவாதம் தரும் சிஜிடிஎம்எஸ்இ நிதியத்தின் வழியாகக் கொடுக்க வழி இருக்கிறது, ஆண்டுக் கட்டணம் உண்டு. அதை எடுத்துச் சொல்லி மறுபடி கேளுங்கள். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மேனேஜர் எதைப் பார்க்கிறார் என்று சொல்கிறேன். அறிக்கையின் அட்டையை யாரும் பார்ப்பதில்லை. முதலில் சிபில், அதாவது உங்கள் பழைய கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்ற பதிவு. வருடத்துக்கு ஒருமுறை இலவசமாக முழு அறிக்கை எடுக்கலாம். பழைய கடனை முழுவதும் கட்டாமல் 'செட்டில்மென்ட்' செய்து முடித்திருந்தால் அது அங்கே கறையாக நிற்கும், மீதியைக் கட்டி முடித்துச் சான்று வாங்குங்கள். அடுத்து வங்கி ஸ்டேட்மென்டில் திரும்பிய காசோலைகள். பிறகு உங்கள் பங்குப் பணம் உண்மையில் எங்கே இருக்கிறது என்பது. நேற்று யாரோ கணக்கில் போட்ட 1 லட்சம் உங்கள் பணம் இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும், ஆறு மாதமாகச் சேர்த்த 60,000 அதைவிட மதிப்பு.

அப்புறம் அவர் நாலு கேள்வி கேட்பார்: யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு, சரக்கு எங்கிருந்து, மாதம் எவ்வளவு விற்றால் தவணை கட்ட முடியும். ஆடிட்டரின் அறிக்கையில் பதில் இருக்கும், உங்கள் வாயில் இருக்காது. பெரும்பாலான மறுப்பு அங்கேதான் நடக்கிறது. அறிக்கையை மூடி வைத்துவிட்டு, வெள்ளைத் தாளில் நீங்களே அந்தக் கணக்கை எழுதிப் பழகுங்கள். இரண்டு மூன்று பேரிடம் "தொடங்கினால் வாங்கிக்கொள்கிறோம்" என்று எழுத்தில் வாங்க முடிந்தால் அதையும் இணைத்து, அதே மேனேஜரிடமே திரும்பப் போங்கள். அடுத்த கிளைக்குப் போனாலும் இதே நாலு கேள்விகள்தான் வரும்.