ஒப்பிக்கத் தெரிகிறது, உரிமை புரிந்திருக்கிறதா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஆறு அடிப்படை உரிமைகளையும் பதினொரு கடமைகளையும் பிள்ளைகள் கடகடவென்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால், 'தேர்தலில் ஓட்டுப் போடாத ஒருவர் தெரு விளக்கு எரியவில்லை என்று புகார் கொடுக்கலாமா?' என்று கேட்டால் பாதி வகுப்பு 'கொடுக்க முடியாது' என்கிறது. புரிதலை எப்படித்தான் சோதிப்பது? இதற்கென்றே வினா வங்கியும் சான்றிதழும் தருவதாக ஒரு நிறுவனம் எங்கள் நிர்வாகத்திடம் பேசிக்கொண்டிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பரீட்சை காட்டாததைத் தெரு விளக்குக் கேள்வி காட்டிவிட்டது. கடமையைச் செய்தவருக்குத்தான் உரிமை என்று உங்கள் பிள்ளைகள் நம்புகிறார்கள். மேடைப் பேச்சிலும் காலை வழிபாட்டுக் கூட்டத்திலும் அவர்கள் கேட்டு வளர்ந்தது இதைத்தான். நம் அரசியலமைப்புச் சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. அடிப்படை உரிமைகள் 1950-லேயே நடைமுறைக்கு வந்தன. கடமைகள் 1976-இல் 42-ஆவது திருத்தத்தில்தான் சேர்ந்தன. அப்போது பத்து, 2002-இல் 86-ஆவது திருத்தம் பதினொன்றாவதைச் சேர்த்தது. அதாவது, கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கடமைப் பட்டியலே இல்லாமல் உரிமைகள் செல்லுபடியாகிக்கொண்டிருந்தன. இந்த வரிசையை விளக்கினாலே பிள்ளைகளுக்குப் பாதி குழப்பம் தீரும்.

இன்னொன்று, ஓட்டுப் போடுவதும் வரி கட்டுவதும் அந்தப் பதினொன்றில் இல்லவே இல்லை. கடமைகளைச் சேர்க்கப் பரிந்துரைத்த ஸ்வரண் சிங் குழு, வரி கட்டுவதையும் ஒரு கடமையாகச் சேர்க்கச் சொன்னது, ஆனால் அது ஏற்கப்படவில்லை. இருந்தும் கைடுகளில் இரண்டையும் அடிப்படைக் கடமை என்று அச்சடித்திருப்பதை இன்றும் பார்க்கிறேன். பிள்ளை அதைப் படித்துவிட்டு வருகிறது, திருத்துபவரும் அதே கைடை வைத்துத் திருத்துகிறார்.

சரி, எப்படிச் சோதிப்பது? ஒரு சூழ்நிலையைக் கொடுங்கள். பிள்ளை விடை சொன்னதும் அதில் ஒரே ஒரு விவரத்தை மாற்றி மறுபடி கேளுங்கள். மனப்பாடம் செய்த பிள்ளை முதல் விடையையே திருப்பிச் சொல்லும். புரிந்த பிள்ளை சற்று யோசித்து, 'அப்படியென்றால் வேறு' என்றோ 'அப்போதும் இதேதான்' என்றோ காரணத்தோடு சொல்லும். நான் நம்பும் சோதனை இது ஒன்றுதான்.

கிராம சபையில் ஒரு பெண், ஏரி தூர்வாரிய செலவுக்குக் கணக்குக் கேட்கிறார். 'நீ எங்களுக்கு ஓட்டுப் போடவில்லை, உட்கார்' என்கிறார் தலைவர். அந்தப் பெண் என்ன செய்யலாம்? இதற்கு இரண்டு விடைத்தாள்கள் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 'சமத்துவ உரிமை, பிரிவு 14' என்று மட்டும் இருக்கிறது. இன்னொன்றில், 'ஊர்ப் பணத்துக்கு யார் வேண்டுமானாலும் கணக்குக் கேட்கலாம். கூட்டத்தில் சொல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் கூட்டம் நடக்கவிடாமல் கத்தக் கூடாது' என்று இருக்கிறது. பிரிவு எண் எதுவும் இல்லை. நம் விடைக்குறிப்பு முதல் தாளுக்கு முழு மதிப்பெண்ணும் இரண்டாவதற்குப் பாதியும் போடும். முக்கியச் சொல் இருக்கிறதா என்று பார்த்து டிக் அடிக்கும் முறையை இத்தனை காலம் பிடித்துக்கொண்டிருப்பதில் எனக்குக் கோபம்தான். இரண்டாவது பிள்ளை உரிமை, அதைக் கேட்கும் வழி, தன் பொறுப்பு மூன்றையும் தொட்டுவிட்டது. உங்கள் வகுப்பிலாவது அதற்கு முழு மதிப்பெண் போடுங்கள்.

இப்போது விவரத்தை மாற்றுங்கள். அந்தப் பெண் பக்கத்து ஊர்க்காரர் என்றால்? இந்தக் கிராம சபையில் அவர் உறுப்பினர் இல்லை. ஆனால் தகவல் கேட்டு மனுப் போடலாம். அவருக்கு வயது 15 என்றால்? வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்காது, ஆகவே சபையில் உறுப்பினர் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டமோ குடிமக்கள் எல்லாருக்கும் என்கிறது, வயது வரம்பு வைக்கவில்லை. வெளிநாட்டுக்காரர் என்றால்? அந்தச் சட்டம் அவருக்கு இல்லை. ஆனால் சட்டத்தின் முன் சமத்துவமும் உயிருக்கான பாதுகாப்பும் அவருக்கும் உண்டு. அவற்றைத் தரும் 14, 21 பிரிவுகள் இரண்டும் குடிமக்களுக்கு மட்டுமானவை அல்ல.

பிள்ளைகள் மிகவும் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆசிரியர்களும் இங்கே தடுமாறுகிறார்கள். நாட்டுப்பண்ணை மதிப்பது, கடமைகளைப் பட்டியலிடும் 51அ பிரிவின் முதல் கடமையிலேயே வருகிறது. 1985-இல் கேரளத்தில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், பள்ளிக் கூட்டத்தில் நாட்டுப்பண் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவச் சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள். பாடுவது தங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்றார்கள். பள்ளியை விட்டு நீக்கினார்கள். உயர் நீதிமன்றத்திலும் தோற்றார்கள். 1986-இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, எழுந்து நின்றதே மரியாதை, நீக்கியது பேச்சுரிமையையும் மத உரிமையையும் மீறியது என்றது. இந்தக் கதையைத் தீர்ப்பு வரை சொல்லாமல் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். 'நீக்கியது சரி' என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள். எழுதட்டும், உடனே தப்பு என்று அடிக்காதீர்கள். அடுத்து விவரத்தை மாற்றுங்கள். அந்தப் பிள்ளைகள் நிற்காமல், கூச்சல் போட்டு மற்றவர்களைப் பாடவிடாமல் செய்திருந்தால்? அப்போது விடை மாறும். வேண்டுமென்றே பாடுவதைத் தடுப்பதும், பாடும் கூட்டத்தைக் குலைப்பதும், நாட்டின் மதிப்புக்கு இழுக்கு நேராமல் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பாடாமல் நிற்பதற்கும் பாடவிடாமல் தடுப்பதற்கும் நடுவே உள்ள கோட்டைப் பிள்ளை தன் சொற்களில் சொல்லிவிட்டால் அதற்கு உரிமை, கடமை இரண்டுமே புரிந்திருக்கிறது.

மதிப்பெண் போடும்போது ஒன்றில் கவனம் வேண்டும். பிள்ளை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துப் போடாதீர்கள், என்ன காரணம் சொல்கிறது என்று பாருங்கள். நம் கருத்தோடு ஒத்துப்போகும் விடைக்குக் கை தானாக ஒரு மதிப்பெண் கூட்டிவிடும். பிள்ளைகள் அதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்து, உங்களுக்குப் பிடித்ததை எழுதப் பழகிவிடுவார்கள்.

அந்த நிறுவனத்துக்கு வருகிறேன். 'சூழ்நிலை வினாக்கள்' என்று அவர்கள் விற்பவை முதல் வருடம் புதிதாகத் தெரியும். அடுத்த வருடம் அதே கேள்விகள் விடையோடு கைடில் வந்துவிடும், டியூஷனில் எழுதிப் பார்ப்பார்கள். அப்புறம் அதுவும் ஒப்பிக்கும் பாடம்தான். சான்றிதழ் அதைவிட மோசம். கட்டணம் கட்டிய எல்லாருக்கும் ஏதோ ஒரு நிலையில் சான்றிதழ் கிடைத்துவிடும். பெற்றோர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். பள்ளிக்கும் விற்பவருக்கும் இடையில் அலையும் முகவருக்கு ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று கமிஷன் போவதைப் பல இடங்களில் பார்த்துச் சலித்துவிட்டேன். நிர்வாகம் விடாப்பிடியாக இருந்தால், விற்க வந்தவரிடம் அவர் கேள்வி ஒன்றையே எடுத்து ஒரு விவரத்தை மாற்றி, 'இதற்கு விடைக்குறிப்பு எப்படி மாறும்?' என்று நிர்வாகத்தினர் முன்னிலையில் கேளுங்கள்.

ஐம்பது பேர் வகுப்பில் ஒவ்வொருவரிடமும் மாற்றிக் கேட்க நேரம் எங்கே என்பீர்கள். எல்லாருக்கும் ஒரே சூழ்நிலையை அரைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். தாள்களை வாங்கியதும் மாற்றிய விவரத்தைக் கரும்பலகையில் எழுதி, இன்னும் இரண்டு வரி கேளுங்கள். முதல் விடைக்கு 2, இரண்டாவதற்கு 3 மதிப்பெண். ஒரு பாட வேளைக்குள் முடிந்துவிடும். இதை உங்கள் பள்ளியின் வகுப்பறை மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். தாள்களைத் தேதி போட்டுக் கட்டி வையுங்கள். பிரிவு எண் எழுதாத பிள்ளைக்கு ஏன் முழு மதிப்பெண் என்று ஆய்வுக்கு வருபவர் கேட்டால் தாளையே எடுத்துக் காட்டலாம்.